சின்ன மெஷினில் பெரிய சக்கரம்

அந்தப் பட்டறையில் யார் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தாலும் ஃபோர்மேன்தான் எடுப்பார். அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு சிகரெட் பெட்டி அட்டையை மடித்து வைத்திருந்தார். ஆளை வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தி, இமையைப் புரட்டி, அட்டையின் மூலையை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, விழியின் மேல் ஒரு வழி வழிப்பார். தூள் வந்துவிட்டால், அட்டையில் ஒட்டியிருக்கும் அந்தக் கறுப்புப் புள்ளியை நான்கு பேரிடம் காட்டிவிட்டுத்தான் வேறு வேலை. வராவிட்டால், "ரெண்டு நாள்ல தானா வந்துடும், சும்மா தேய்ச்சுக்கிட்டு நிக்காதே" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். பட்டறையில் அவருக்குக் கண் டாக்டர் என்று பெயர். அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறைச் சாமான்களை எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் அக்காவுக்கு அவர் சொந்த அக்காவின் புருஷன். அவளுடைய புருஷன் போன பிறகு அவளை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஆறு வருஷமாக மாதம் ஒரு தடவையாவது அதை யார் முன்னாலாவது சொல்லிக் காட்டுவார். அவளும் ஆறு வருஷமாக அவரை அத்தான் என்று வாயால் கூப்பிட்டுக்கொண்டு, மனசுக்குள் வேறு என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கம்பி வலை போட்ட ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் அவள் நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் பட்டறை முழுக்கத் தெரியும். கேட், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி வைக்கிற ஸ்டாண்டு என்று எதையாவது அறுத்துக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருப்பார்கள். வெல்டிங் ஆறியதும் மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டுவார்கள். சூடு ஆறாத சில்லு கன்னத்தில் தெறிக்கும். தேய்க்கிற மெஷினிலிருந்து பொறி விசிறியாகப் பறக்கும். எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வேலை செய்வார்கள். கண்ணை இடுக்கிக்கொண்டால் இரும்பு பயந்து வேறு வழியாகப் போய்விடும் என்று இவர்களுக்கு எந்த மகராசன் சொல்லிக்கொடுத்தானோ என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் இருபத்துநாலு பாதுகாப்புக் கண்ணாடிகள் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ ஆய்வு வருகிறது என்று வாங்கியவை. ஆய்வு வரவில்லை. கண்ணாடிகளைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. "கொடுத்தா ஒரு மாசத்துல கீறிடுவானுங்கம்மா. அப்புறம் ஆய்வு வந்தா எதைக் காட்டறது?" என்றார். கண்ணாடிக்குக் கீறல் விழக்கூடாது என்று கண்ணைக் காவல் வைத்த மனுஷன். அவள் அதைக் கேட்டு உள்ளுக்குள் காறித் துப்பினாள். ஆனால் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டவளும் அவள்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அஞ்சு இஞ்ச் கட்டிங் சக்கரம் தீர்ந்துபோயிருந்தது. தீரப்போகிறது என்று போன வாரமே மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஏழு இஞ்ச் சக்கரம் ஒரு பெட்டி இருந்தது. ஆனால் ஏழு இஞ்ச் மெஷின் பழுது பார்க்கப் போயிருந்தது. ஃபோர்மேன் வந்து ஜன்னலில் முழங்கையை ஊன்றினார்.

"பெரிய சக்கரத்துல ஒண்ணு எடு. நெட்டையன் சேனல் அறுக்கணும்."

"மெஷின் சின்னது அத்தான்."

"ஓட்டை ரெண்டுக்கும் ஒண்ணுதான். கார்டைக் கழட்டிட்டா கச்சிதமா உக்காந்துக்கும்."

கார்டு என்றால் சக்கரத்தின் மேல் பாதியை மூடியிருக்கும் தகடு. உடைந்தால் துண்டு ஆள் மேல் பாயாமல் தடுப்பதற்கென்றே வைத்தது. அவள் சக்கரத்தைக் கையில் எடுத்தாள். நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் நிமிஷத்துக்கு எட்டாயிரத்து ஐநூறு சுற்றுக்கு மேல் ஓட்டாதே என்று போட்டிருந்தது. நெட்டையன் கையிலிருந்த மெஷின் பதினோராயிரம் சுற்று. ஆறு வருஷமாக இதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு எண்களைப் படிக்கத் தெரியாதா?

"இதுல போட்டிருக்கறதைப் பாருங்க. அந்த மெஷினோட வேகத்தை இது தாங்காது."

ஃபோர்மேன் சிரித்தார். "நான் சக்கரம் மாட்டறப்போ நீ பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்சே. எடு, எடு. லாரி ரெண்டு மணிக்கு வருது."

அவள் கொடுத்துவிட்டாள். பின்னால் அதை எத்தனை விதமாக நினைத்துப் பார்த்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து முட்டும். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அந்தச் சக்கரத்தைக் கொடுத்துவிட்டாள்.

நெட்டையன் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். அறுக்கிற வேலையில் அவனைப் போல் கை சுத்தமானவன் அந்தப் பட்டறையில் இல்லை. சேனல் என்கிற நீள இரும்புச் சட்டத்தைக் குறுக்குக் கட்டையில் வைத்து, குந்தி உட்கார்ந்து, மெஷினை ஓட்டினான். இரண்டு வெட்டு நன்றாகவே போனது. மூன்றாவது வெட்டில் சேனல் லேசாகச் சாய்ந்து சக்கரத்தைக் கவ்வியது. துணிப் பொட்டணத்தைச் சுவரில் அடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சக்கரம் இருந்த இடத்தில் சக்கரம் இல்லை. ஒரு துண்டு மேலே கூரைத் தகட்டில் போய்ச் செருகியது. இன்னொன்று எங்கே போனது என்று நெட்டையனைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவன் கத்தவில்லை. மெஷினின் சுவிட்சை ஒழுங்காக அணைத்து, அதைக் கீழே வைத்துவிட்டு, பிறகுதான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது.

ஸ்டோர் அக்கா ஓடி வருவதற்குள் ஃபோர்மேன் வந்துவிட்டார். வந்தவர் என்ன செய்தார் என்பதை அவள் பிறகு யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார்.

"கையை எடுடா. நான் பாக்கறேன்."

"தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் வெல்டிங் ஆட்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் அவர் மார்பில் கையை வைத்துத் தள்ளினாள். அட்டை கீழே விழுந்தது. அவர் குனிந்து அதைத்தான் பொறுக்கினார்.

வாசலில் வேன் நின்றது. டிரைவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். முதலாளி வேனைப் பார்த்தார். உள்ளே பாலிஷ் போட்ட கைப்பிடிக் கம்பிகள் ஏற்றியிருந்தன. "சரி, சரி, கூட்டிட்டுப் போங்க. சீட்டுல ஏதாவது துணியை விரிச்சுக்கங்க" என்றார். அவள் தன் முந்தானையை மடித்து நெட்டையன் கண்ணுக்கு மேல் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு ஏறினாள். சீட்டில் எதையும் விரிக்கவில்லை. வேண்டுமென்றேதான் விரிக்கவில்லை.

மருத்துவமனையில் கண் டாக்டர், நிஜமான கண் டாக்டர், ஒரு சின்னப் பெண். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து நெட்டையனின் பெண்டாட்டியிடம், "இடது கண்ணைக் காப்பாத்த முடியலைம்மா" என்று சொன்னாள். அவள் தலையை ஆட்டினாள். வேறு யாரைப் பற்றியோ சொல்வதைக் கேட்கிற மாதிரி ஆட்டினாள். டாக்டர் ஸ்டோர் அக்கா பக்கம் திரும்பினாள்.

"வேலை செய்யும்போது கண்ணாடி போட்டிருந்தாரா?"

"இல்லை."

"ஏன், கொடுக்கறதில்லையா?"

"இருக்கு. பூட்டி வெச்சிருக்கோம்."

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஸ்டோர் அக்காவுக்கு.

நான்கு மணிக்குப் பட்டறைக்குத் திரும்பினாள். லாரி சொன்ன நேரத்துக்கு வந்து, சரக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. ரத்தத்தின் மேல் யாரோ மரத்தூளைக் கொட்டியிருந்தார்கள். நெட்டையனின் மெஷின் கட்டை ஓரமாகக் கிடந்தது. உடைந்த சக்கரத்தின் நடுவட்டம் நட்டோடு அப்படியே அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாளில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். மருத்துவமனையிலிருந்து தகவல் போய்விட்டதாம். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருகிறாராம். மேஜை மேல் ஒரு புது நோட்டு இருந்தது. ஃபோர்மேன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நல்ல பையன் நிற்கிற மாதிரி நின்றார்.

நோட்டில் பட்டறை ஆட்கள் எல்லோர் பெயரும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் கண்ணாடி பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து. தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது. மை இன்னும் சரியாகக் காயவில்லை. நெட்டையன் பெயருக்கு நேராகவும் ஒரு கையெழுத்து இருந்தது. அவன் மருத்துவமனையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான்.

"இது யார் போட்டது?" என்றாள்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றார் ஃபோர்மேன். "கொடுத்தவர்னு கடைசியில ஒரு கட்டம் இருக்கு பாரு. அதுல நீ போட்டுடு."

முதலாளி குரலில் தேன் தடவிக்கொண்டார். "நெட்டையனை நாம கைவிட்டுடுவோமாம்மா? நம்ம குடும்பம் மாதிரி. ஆனா கேஸு கீஸுன்னு போனா பட்டறையை மூடணும். பதினாலு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வெளியே எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக வேலை செய்தார்கள். பட்டறையில் அப்படி ஒரு மும்முரத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. கிழட்டு வெல்டர் ஒருவர் மட்டும் ஜன்னல் பக்கம் வந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டோம்மா. எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

"உங்களுக்கு ரெண்டு கண்ணும் தெரியுதுல்ல? அப்ப சரி, போங்க" என்றாள். அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். ஒன்றரை வருஷமாக அந்த வாசற்படியை மிதிக்காதவர்கள். அத்தான் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நாட்டில் நடக்கிற எல்லாவற்றையும் பேசிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"அவன் சேனலை ஒழுங்காப் பிடிக்கலை. அதான் விஷயம். முப்பது வருஷத்துல என் கையில ஒரு சக்கரம் உடைஞ்சிருக்குமா?"

"நீங்க முப்பது வருஷத்துல எத்தனை நாள் சக்கரம் பிடிச்சீங்க அத்தான்? அடுத்தவன் அறுக்கறதைப் பக்கத்துல நின்னு பாக்கறதுக்குப் பேரு அனுபவமா?"

"பாத்தியாடி உன் தங்கச்சி பேசறதை? வேலை வாங்கிக் கொடுத்த எனக்கு இது வேணும்."

அக்கா அழ ஆரம்பித்தாள். அவள் அழுகை எப்போதும் தயாராக இருக்கும். "என் குடி முழுகிப்போயிடும்டி. இவர் மேல பழி வந்தா நாங்க எங்க போவோம்? ஒரு கையெழுத்துதானே? கூடப் பிறந்தவளுக்காக ஒரு கையெழுத்துப் போட மாட்டியா?"

ஸ்டோர் அக்கா தன் அக்காவைப் பார்த்தாள். சின்ன வயதில் தனக்குத் தலை வாரிவிட்டவள். காய்ச்சலில் இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். இந்த மனுஷனோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தி, அவர் பேசுவதையே தானும் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"நெட்டையன் பெண்டாட்டியை ஒரு தடவை போய்ப் பாத்தியா?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "நான் எதுக்குப் போகணும்? நாங்களா உடைச்சோம்?"

"சரி, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று எழுந்தாள் ஸ்டோர் அக்கா. அவர்கள் சாப்பிடவில்லை. அவளும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி அவளிடமிருந்து சாவியை வாங்கி, தானே அலமாரியைத் திறந்து, கண்ணாடிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கீழ்த் தட்டில் துணி போட்டு மூடியிருந்த மெஷினை அவர் கவனிக்கவில்லை. ஆட்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். புதுக் கண்ணாடியின் மேல் கீறல் விழாமல் இருக்க ஒரு நீலத் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டு மாட்ட வேண்டும். மற்றவர்கள் உரித்துவிட்டார்கள். ஃபோர்மேனுக்கு அது தெரியவில்லை. ஜென்மத்தில் ஒரு நாள் போட்டிருந்தால்தானே தெரியும்? தாளோடு மாட்டிக்கொண்டு, யாரிடமும் கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்காமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்குப் போனார். ஜீப்பிலிருந்து முதலில் இறங்கிய டிரைவருக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். "வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது மாடிப்படிச் சட்டத்தில் முட்டியை இடித்துக்கொண்டு, "இதை யாருடா இங்க வெச்சது" என்று தூணைப் பார்த்துக் கத்தினார். சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

ஆய்வாளர் பட்டறையைச் சுற்றி வர நான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டார். டீ குடிக்கப் பதினைந்து நிமிஷம். பிறகு நோட்டைப் புரட்டினார்.

"கண்ணாடி எல்லாருக்கும் கொடுத்திருக்கீங்க."

"கொடுத்திருக்கோம் சார்" என்றார் முதலாளி. "போட மாட்டேங்கறாங்க. நாம என்ன, ஒவ்வொருத்தன் கண்ணையும் பொத்திக்கிட்டே நிக்க முடியுமா?"

"தொழிலாளியின் கவனக்குறைவு" என்று ஆய்வாளர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பேனாவுக்கே அது பழகிப்போன வரி போலிருந்தது. "கொடுத்தவர் கையெழுத்து இல்லையே? யாரு கொடுத்தது?"

"நான்தான் ஸ்டோர்" என்று அவள் உள்ளே வந்தாள். கையில் அந்த மெஷின் இருந்தது. அதை அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தக் கண்ணாடியெல்லாம் இன்னிக்குக் காலையிலதான் சார் வெளியில வந்துச்சு. ரெண்டு வருஷமா என் அலமாரியில பூட்டிக் கிடந்துச்சு. நம்பலைன்னா எங்க ஃபோர்மேன் மூஞ்சியைப் பாருங்க, தாளைக்கூட இன்னும் உரிக்கலை."

ஆய்வாளர் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார்.

"இந்தச் சக்கரத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க சார்."

"அம்மா, உங்ககிட்ட கேக்கும்போது..."

"படிங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியுமில்ல?"

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் குனிந்தார். "எட்டாயிரத்து ஐநூறு."

"மெஷின்ல?"

"பதினோராயிரம்." சொல்லிவிட்டு அவர் மெஷினைத் திருப்பிப் பார்த்தார். "கார்டு எங்கே?"

"கழட்டிட்டாங்க. இப்ப பட்டறையில ஒரு மெஷின்லயும் கார்டு இருக்காது. போய்ப் பாருங்க. அதைக் கழட்டினாத்தான் இந்தப் பெரிய சக்கரம் உள்ள போகும். மாட்டச் சொன்னது ஃபோர்மேன். தாங்காதுன்னு தெரிஞ்சும் எடுத்துக் கொடுத்தது நான். ரெண்டையும் எழுதிக்கங்க."

"உங்க மேலயே வரும்மா."

"வரட்டும். வர வேண்டிய இடத்துக்குத்தான் வரும்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றி, தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்கள் கும்பலாக நின்றார்கள். அவர்களில் ஒருவனாவது ஆமாம் என்று சொல்வான் என்று அவள் ஒரு நொடி எதிர்பார்த்தாள். எல்லோரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி கீழேயே பார்த்தார்கள். ஆய்வாளர் எழுதியதை அடித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். அவர் நேர்மையில் அவளுக்கு நம்பிக்கை ஒன்றும் வந்துவிடவில்லை. மேஜை மேல் வைத்த இரும்பை இல்லை என்று எழுத அவருக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். கோழைத்தனமும் சில நாள் சரியான பக்கம் சாயும்.

அன்றைக்கே அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் அத்தான். சொல்லும்போது அவர் முகத்தில் பதவி உயர்வு கிடைத்தவனின் களை இருந்தது.

அவளுக்கு மூன்று வாரத்தில் ஒரு மொத்த மருந்துக் கடையின் கிடங்கில் வேலை கிடைத்தது. அட்டைப் பெட்டிகளை எண்ணி அடுக்குகிற வேலை. சத்தமில்லை, பொறியில்லை. அங்கே ஒரு நாள் மதியம் நெட்டையனின் பெண்டாட்டி தேடிக்கொண்டு வந்தாள். பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவரு வேலைக்குப் போறாருக்கா. ரெண்டு வாரமாச்சு."

"எங்கே?"

"அங்கதான். ஸ்டோர்ல. உங்க இடத்துல உக்கார வெச்சிருக்காங்க." பிறகு மளமளவென்று சொன்னாள். முதலாளி வீட்டுக்கே வந்தாராம். கவனக்குறைவு தன்னுடையதுதான் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் வேலை என்றாராம். "போட்டுட்டாருக்கா. ஒத்தைக் கண்ணோட வேற எங்க வேலை கேக்கறது? உங்க மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு ராப்பகலா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காரு."

ஸ்டோர் அக்காவுக்கு வாய் வரை வந்துவிட்டது. ஃபோர்மேனுக்கும் முதலாளிக்கும் தரையைப் பார்த்த ஆட்களுக்கும் தாராளமாக எடுத்துக் கொடுத்த அதே எகத்தாளம்தான். அதை நெட்டையனுக்கும் ஒரு வீச்சு வீசலாம் என்று வாயைத் திறந்தாள். வரவில்லை. மெஷினை அணைத்து ஒழுங்காகக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்ட அந்த ஆள்தான் முன்னால் வந்து நின்றான். இந்த ஒருத்தன் மேல் மட்டும் அது ஒட்டவில்லை.

"கார்டு மாட்டியிருக்காங்களா?"

"எல்லா மெஷின்லயும் மாட்டியாச்சாம். இன்ஸ்பெக்டர் எழுதிட்டுப் போனாராமே, அதுக்கு மறுபடி பாக்க வருவாங்களாம். கண்ணாடியும் தினம் இவரே கொடுக்கறாரு. போடாதவனுக்குச் சக்கரம் கிடையாதுன்னு ஜன்னலைச் சாத்திடறாராம். உங்க அத்தானுக்கும் இவருக்கும் தினம் சண்டை."

"அவரு இன்னும் அங்கதான் இருக்காரா?"

"இருக்காரு. அட்டையோடதான் இருக்காரு."

"இருப்பாரு, இருப்பாரு" என்றாள் ஸ்டோர் அக்கா. ஒரு பெட்டியைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதை அடுக்காமலே அவள் பக்கம் திரும்பினாள்.

"இங்க பாரு. ஸ்டோருக்குள்ள நுழைஞ்சதும் இடது கைப் பக்கம் நட்டு, போல்ட்டு வைக்கற ரேக் இருக்கும். அதோட மேல் தட்டுல ஒரு ஆங்கிள் இரும்போட முனை நீட்டிக்கிட்டு இருக்கும். எனக்கு அது தலைக்கு மேல. உன் வீட்டுக்காரர் உசரத்துக்கு நேரா நெத்தியில இருக்கும். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியவும் தெரியாது. நாளைக்குக் காலையில போனதும் முதல் வேலையா அதை அறுத்துப் போடச் சொல்லு. சொல்லுவியா?"

"சொல்றேன்கா."

"நாளைக்குன்னு இருக்க வேண்டாம். இப்ப போற வழியிலயே போய்ச் சொல்லிட்டுப் போ" என்றாள்.